பட்டியலில் கோணலாகும் நெடுவரிசைகள்: வேர்ட் ஆவணத்தில் அட்டவணையைச் சரிசெய்வது எப்படி?

நாராயணவனம்: கணினியில் தயாரிக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் ஒன்று, தயாரித்தவரின் திரையில் நேராகத் தெரிகிறது. அதே கோப்பு மற்றோர் அலுவலகத்தில் திறக்கப்படும்போது பெயர் ஓரிடத்திலும், கணக்கு எண் வேறோர் இடத்திலும், தொகை அடுத்தவரின் வரியிலும் விலகி நிற்கிறது. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தாளில் இடம்பெறக்கூடிய ஆந்திர - தமிழக எல்லைப் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் எளிதாக நேர்கிறது. இதற்கான காரணங்களையும், எம்எஸ் வேர்ட் போன்ற சொற்செயலிகளில் இதைச் சரிசெய்யும் முறைகளையும் இங்கே காணலாம்.

ஒரு சொல் மாறினால் வரிசை நகரும்

ஆந்திரப் பிரதேசத்தில் 13 ஆக இருந்த மாவட்டங்களின் எண்ணிக்கை 2022 ஏப்ரல் 4 அன்று 26 ஆக உயர்த்தப்பட்டது. அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாராயணவனம், அன்று முதல் புதிய திருப்பதி மாவட்டத்தின் மண்டலங்களில் ஒன்றானது. பத்மாவதி - ஸ்ரீநிவாசர் திருமணம் நடைபெற்ற தலம் என்று மரபு கூறும் இவ்வூரில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ள கல்யாண வெங்கடேஸ்வர சுவாமி கோயில் அமைந்துள்ளது. நெசவும் இப்பகுதி மக்களின் தொழில்களில் ஒன்றாகும்.

மாவட்டம் மாறினால் ஆவணங்களிலும் பெயர் மாற வேண்டும். எடுத்துக்காட்டாக, 2022-க்கு முன்பு தட்டச்சு செய்யப்பட்ட ஒரு பட்டியலில் பெயர், ஊர், மாவட்டம், வங்கிக் கணக்கு எண், தொகை என ஐந்து நெடுவரிசைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாராயணவனத்தைச் சேர்ந்தவர்களின் வரிகளில் ‘சித்தூர்’ என்பதை நீக்கிவிட்டு ‘திருப்பதி’ என்று எழுத வேண்டும். குப்பம் போன்று சித்தூர் மாவட்டத்திலேயே தொடரும் ஊர்களின் வரிகளில் மாற்றம் தேவையில்லை.

நெடுவரிசைகளுக்கு இடையிலான இடைவெளி ஸ்பேஸ் பாரைப் பலமுறை தட்டி உருவாக்கப்பட்டிருந்தால், இந்தச் சிறு திருத்தமே பட்டியலைக் குலைத்துவிடும். குப்பத்தின் வரிகள் பழைய இடத்திலேயே நிற்க, நாராயணவனத்தின் வரிகளில் உள்ள கணக்கு எண்ணும் தொகையும் வலப்பக்கம் தள்ளப்படும். தாளின் ஓரத்தை எட்டிய எண்கள் மடிந்து அடுத்த வரிக்குச் செல்லும்.

இங்கே எழுத்துகளை எண்ணி இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம் என்று தோன்றலாம். ஆனால், தமிழில் அது கைகொடுப்பதில்லை. ‘சித்தூர்’ என்பதில் 4 எழுத்துகளும், ‘திருப்பதி’ என்பதில் 5 எழுத்துகளும் உள்ளன. கொம்பு, புள்ளி, விசிறி ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிடும் யூனிகோடு முறையில் இவை முறையே 8, 9 குறியீடுகளாகின்றன. ‘நாராயணவனம்’ என்ற பெயர் நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 10 குறியீடு. திரையில் அது எவ்வளவு அகலம் பெறும் என்பதோ இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் சார்ந்ததன்று. ‘ண’ அகலமானது, ‘ர’ குறுகலானது. அந்த அகலத்தைப் பயன்படுத்தப்படும் எழுத்துருவே தீர்மானிக்கிறது.

ஒரு வரி நழுவினால் என்ன ஆகும்?

பட்டியல் கோணலாவது பார்வைக்கு அழகற்றது என்பதுடன் சிக்கல் முடிந்துவிடுவதில்லை. மின்னணுப் பணப் பரிமாற்றங்களில் பெறுநரின் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு தொகை வரவு வைக்கப்படும் என்றும், பெயர் விவரம் அதற்குப் பயன்படுத்தப்படாது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை தெரிவிக்கிறது. சரியான கணக்கு எண்ணைத் தருவது பணம் அனுப்புபவரின் பொறுப்பு. ஆகவே, பெயருக்கு எதிரே அடுத்தவரின் கணக்கு எண் அமர்ந்துவிட்டால், பணம் அந்த எண்ணுக்கே செல்லும்.

நிகழ்நேர மொத்தப் பரிமாற்றம், தேசிய மின்னணு நிதிப் பரிமாற்றம் ஆகியவற்றில், பணம் அனுப்பும் முன் பெறுநரின் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பின்னர் அறிவுறுத்தியது. எனினும், நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியலைத் தட்டச்சு செய்பவரின் பொறுப்பு இதனால் குறைந்துவிடவில்லை.

ஆந்திர அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய நேதன்ன நேஸ்தம் திட்டத்தின் கீழ், சொந்தக் கைத்தறி வைத்திருந்த நெசவாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. இத்தகைய உதவித் தொகைகள் எதுவாயினும், பயனாளியைப் பொறுத்தவரை பட்டியலின் ஒரு வரிதான் அந்த ஆண்டின் பாவு, ஊடை நூல் வாங்கும் பணம்.

பெயரும் அதற்குரிய குறியும் நேருக்கு நேர் நிற்காததால் ஒரு நாட்டின் தேர்தலே விவாதத்துக்கு உள்ளான நிகழ்வும் உண்டு. அமெரிக்காவில் 2000 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலின்போது, புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் வேட்பாளர் பெயர்கள் இடம், வலம் என இரு பக்கங்களிலும், துளையிடும் இடங்கள் நடுவிலும் அச்சிடப்பட்ட வாக்குச்சீட்டு பயன்படுத்தப்பட்டது. இடப்பக்கப் பட்டியலில் அல் கோரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. ஆனால், இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்குரியது மூன்றாவது துளை. அந்தக் கவுண்டியில் புக்கானன் எதிர்பாராத வகையில் 3,400-க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இடப்பட்டதால் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாயின. புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் வெற்றி பெற்ற வாக்கு வித்தியாசம் 537 மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி, அதன் நேரே தனிப் பொத்தான் என்ற அமைப்பு உள்ளது. ஒரு வரி, ஒரு நபர் என்னும் அதே விதியே ஆவணத்தில் இடம்பெறும் அட்டவணைக்கும் பொருந்தும்.

தட்டச்சுப்பொறி விட்டுச்சென்ற பழக்கம்

ஸ்பேஸ் பாரைத் தட்டி வரிசை அமைக்கும் வழக்கம் தட்டச்சுப்பொறிக் காலத்தில் தோன்றியது. அந்தப் பொறியில் ஒவ்வொரு தட்டலுக்கும் தாள் ஒரே அளவு நகர்ந்ததால், எத்தனை முறை தட்டினோம் என்று எண்ணினாலே நெடுவரிசை நேராக அமைந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியும், அதன்பின் வந்தவையும் பல தலைமுறை எழுத்தர்களின் விரல்களுக்கு இந்தக் கணக்கைப் பழக்கின. அட்டவணை வேலைக்கென்றே அப்பொறிகளில் ‘டேபுலேட்டர்’ என்ற விசை இருந்தது. இன்றைய கணினி விசைப்பலகையில் உள்ள ‘டேப்’ விசையின் பெயர் அதிலிருந்து வந்ததே.

கணினி எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்தும் தனக்கெனத் தனி அகலம் கொண்டிருப்பதால், பழைய கணக்கு இங்கே செல்லாது. எனினும், கண்ணுக்கு நேராகத் தெரியும் வரை ஸ்பேஸ் பாரைத் தட்டும் பழக்கம் தொடர்கிறது.

எழுத்துரு மாறும்போது ஏற்படும் மாற்றம்

ஒரே கோப்பு இரு கணினிகளில் வெவ்வேறு விதமாகத் தெரிவதற்கு முதன்மைக் காரணம் எழுத்துரு. விண்டோஸ் இயங்குதளத்துடன் தமிழுக்கு ‘லதா’, தெலுங்குக்கு ‘கௌதமி’ ஆகிய எழுத்துருக்கள் நீண்ட காலம் வழங்கப்பட்டு வந்தன. விண்டோஸ் 8 முதல் பல இந்திய மொழிகளுக்குமான ‘நிர்மலா’ எழுத்துரு இடம்பெற்றது. லினக்ஸ் கணினியிலோ கைப்பேசியிலோ இவை இல்லாவிட்டால், ‘லோஹித்’, ‘நோட்டோ’ போன்ற வேறு எழுத்துருவை மென்பொருள் தானாகவே பயன்படுத்திக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும்; இடைவெளியின் அகலமும் மாறும்; வரிசை கலையும்.

பழைய குறியீட்டு எழுத்துருக்களில் உருவான ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும்போதும் இதுவே நிகழ்கிறது. தமிழ்நாட்டில் 1999-இல் டேம், டேப் என்னும் குறியீட்டு முறைகளும், 2010-இல் யூனிகோடும் அரசால் ஏற்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் உருவான பட்டியல்களை இன்று மாற்றுவோர், சொற்கள் சரியாக வந்துவிட்டனவா என்பதுடன் நெடுவரிசைகள் நகர்ந்துள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

கோணலான பட்டியலைத் திருத்தத் தொடங்கும் முன், அது உண்மையான அட்டவணையா, அட்டவணை போலத் தோன்றும் வெறும் எழுத்து வரிகளா என்பதைக் கண்டறிய வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு பெயரின் நடுவே ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்டிப் பார்க்கலாம். வலப்பக்கத்தில் உள்ள எண்கள் நகர்ந்தால் அது அட்டவணை அன்று. எண்கள் அசையாமல் நின்றால் அது அட்டவணையாகவோ, முறையாக டேப் நிறுத்தங்கள் அமைக்கப்பட்ட வரியாகவோ இருக்கும். சோதனைக்குப் பின் அந்த எழுத்தை நீக்கிவிட வேண்டும்.

அடுத்து, ‘ஹோம்’ பட்டியில் உள்ள பத்திக் குறியை அழுத்தினால், மறைந்திருக்கும் குறிகள் திரையில் தோன்றும். கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் 8 என்ற எண்ணை அழுத்தியும் இதைப் பெறலாம். நடுவில் நிற்கும் சிறு புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேஸ். அம்புக்குறி ஒவ்வொன்றும் ஒரு டேப். பத்திக் குறி என்பது என்டர் விசை. நெடுவரிசைகளுக்கு இடையே புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், கோணலுக்கான காரணம் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எழுத்து வரிகளை அட்டவணையாக மாற்றும் முறை

இத்தகைய பட்டியலில் ஸ்பேஸ்களைக் கூட்டிக் குறைப்பது வீண் வேலை. அதனை முறையான அட்டவணையாக மாற்றுவதே நிலையான தீர்வு. எம்எஸ் வேர்டில் அதற்கான படிகள் வருமாறு:

1. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் நகலில் மட்டுமே திருத்தம் செய்ய வேண்டும்.

2. விவரம் இல்லாமல் காலியாக விடப்பட்ட இடங்களில் ஒரு சிறு கோட்டை இட வேண்டும். இதைத் தவிர்த்தால், அடுத்தடுத்த படிகளில் காலி இடம் மறைந்து, வலப்பக்க விவரம் ஒரு நெடுவரிசை இடப்பக்கம் நகர்ந்துவிடும். கணக்கு எண்ணின் இடத்தில் தொகை அமர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

3. நீண்ட பெயர் மடிவதற்காக நடுவில் என்டர் தட்டப்பட்டிருந்தால், அதை நீக்கி ஒருவரின் விவரம் முழுவதையும் ஒரே பத்தியாக்க வேண்டும்.

4. பட்டியலை மட்டும் தேர்வு செய்து, ‘ரீபிளேஸ்’ பெட்டியைத் திறக்க வேண்டும். தேடும் இடத்தில் ஸ்பேஸ் பாரை இருமுறை தட்ட வேண்டும். மாற்றும் இடத்தில் ‘மோர்’, ‘ஸ்பெஷல்’ ஆகியவற்றின் வழியே ‘டேப் கேரக்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அனைத்தையும் மாற்ற வேண்டும். பெயருக்கும் தலைப்பெழுத்துக்கும் இடையே ஒரே ஒரு ஸ்பேஸ் மட்டும் இருப்பதால் பெயர்கள் பிரியாது.

5. அடுத்து, டேப்பைத் தொடர்ந்து எஞ்சி நிற்கும் ஒற்றை ஸ்பேஸை நீக்கும் வகையில், ‘டேப், ஸ்பேஸ்’ என்பதை ‘டேப்’ என மாற்ற வேண்டும். பின்னர், இரண்டு டேப்களை ஒரு டேப்பாக மாற்றும் கட்டளையை, மாற்றப்பட்டவை 0 என்று வரும் வரை திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

6. ஐந்து நெடுவரிசைகள் கொண்ட பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் சரியாக நான்கு அம்புக்குறிகள் இருக்க வேண்டும். நீண்ட பெயருக்கும் ஊருக்கும் இடையே ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்த வரிகளில் ஓர் அம்பு குறையும். அங்கே டேப்பைக் கையால் சேர்க்க வேண்டும்.

7. மீண்டும் பட்டியலைத் தேர்வு செய்து, ‘இன்சர்ட்’, ‘டேபிள்’, ‘கன்வர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்’ என்ற வரிசையில் செல்ல வேண்டும். பிரிப்பான் என்ற இடத்தில் ‘டேப்ஸ்’ இருக்க வேண்டும். நெடுவரிசைகளின் எண்ணிக்கை 5 என்று காட்டினால் ஏற்கலாம். 6 என்று காட்டினால், ஏதோ ஒரு வரியில் கூடுதல் டேப் உள்ளது என்பது பொருள். அப்போது பெட்டியை மூடிவிட்டு, அந்த வரியைத் தேடித் திருத்த வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதே வசதி ‘டேபிள்’ பட்டியில் ‘கன்வர்ட்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளது.

உண்மையான அட்டவணையே கோணலானால்?

கட்டங்கள் கொண்ட முறையான அட்டவணையிலும் கோடுகள் படிக்கட்டு போல விலகுவதுண்டு. ஒரு கட்டம் மட்டும் தேர்வு செய்யப்பட்ட நிலையில் நெடுவரிசைக் கோட்டை மவுஸால் இழுத்தால், அந்தக் கட்டத்தின் கோடு மட்டுமே நகரும். மற்றவை அப்படியே நிற்கும். எதையும் தேர்வு செய்யாமல் கோட்டை இழுப்பதே சரியான முறை.

ஏற்கனவே விலகிய கோடுகளைச் சீராக்க, அட்டவணையின் இடது மேல் மூலையில் தோன்றும் நான்குமுனை அம்பை அழுத்தி, முழு அட்டவணையையும் தேர்வு செய்ய வேண்டும். ‘லேஅவுட்’ பட்டியில் உள்ள ‘டிஸ்ட்ரிப்யூட் காலம்ஸ்’ கட்டளை எல்லா நெடுவரிசைகளையும் சம அகலமாக்கும். அதன்பின் பெயருக்கு அதிகமாகவும், வரிசை எண்ணுக்குக் குறைவாகவும் அகலத்தை ஒவ்வொன்றாக அமைத்துக்கொள்ளலாம். கூகுள் டாக்ஸிலும் வலது கிளிக் செய்தால் இதே கட்டளை கிடைக்கும்.

தட்டச்சு செய்யும்போதே நெடுவரிசை விரிந்து சுருங்கினால், அதற்குக் காரணம் ‘ஆட்டோஃபிட்’. அந்தப் பட்டியலில் ‘ஃபிக்ஸ்டு காலம் விட்த்’ என்பதைத் தேர்வு செய்தால் அகலம் நிலைபெறும். நீண்ட பெயர் அதே கட்டத்துக்குள் மடிந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு வேறொன்று. எல்லாப் பெயர்களையும் ஒரே உயரமான கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக என்டர் தட்டி எழுதி, எல்லாத் தொகைகளையும் பக்கத்துக் கட்டத்தில் அவ்வாறே எழுதுவதுதான் அது. எழுத்துரு மாறி, நடுவில் ஒரே ஒரு பெயர் இரண்டு வரியாக மடிந்தால் போதும். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வேறொருவரின் தொகை வந்து நிற்கும். கோடுகள் நேராகவே இருப்பதால், பார்ப்பவருக்கு எந்த ஐயமும் எழாது.

இதனைத் திருத்த, பெயர்களை மட்டும் அட்டவணைக்கு வெளியே நகலெடுத்து, பத்தியைப் பிரிப்பானாகக் கொண்டு ஒற்றை நெடுவரிசை அட்டவணையாக மாற்ற வேண்டும். தொகைகளையும் அவ்வாறே மாற்ற வேண்டும். இரண்டிலும் கிடைவரிசைகளின் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டுமே அவற்றை இணைக்கலாம். சமமாக இல்லாவிட்டால், மூலத் தாளுடன் ஒப்பிடாமல் ஒரு வரியைக்கூட நகர்த்தக் கூடாது.

தொகை நெடுவரிசைக்குத் தனிக் கவனம்

ரூபாய்த் தொகைகளை இடப்பக்கம் ஒட்டியோ நடுவிலோ வைத்தால், 2,400 எது, 24,000 எது என்பது ஒரே பார்வையில் தெரியாது. முழு ரூபாயாக இருந்தால் வலப்பக்க ஒழுங்கு போதுமானது. பைசாவும் இடம்பெற்றால், அளவுகோலின் இடது முனையில் உள்ள குறியை மாற்றி ‘டெசிமல் டேப்’ அமைக்கலாம். அட்டவணைக் கட்டத்துக்குள் டேப் விசையைத் தட்டாமலேயே புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராகிவிடும்.

பட்டியல் பல பக்கங்களுக்கு நீண்டால், தலைப்பு வரியைத் தேர்வு செய்து ‘ரிபீட் ஹெடர் ரோஸ்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பைக் கையால் தட்டச்சு செய்தால், ஒரு பெயர் சேர்க்கப்பட்டவுடனே அது பக்கத்தின் நடுவுக்கு வந்துவிடும். ஒருவரின் விவரம் இரு பக்கங்களில் பிளவுபடாமல் இருக்க, அட்டவணையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில், வரி பக்கம் தாண்டிப் பிரிய அனுமதிக்கும் குறியை நீக்க வேண்டும்.

பார்வையற்றோருக்கும் உதவும் அமைப்பு

முறையான அட்டவணையால் மற்றொரு பயனும் உண்டு. என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளிகள், கட்டம் விட்டுக் கட்டம் நகர்ந்து, எத்தனையாவது வரி, எந்த நெடுவரிசை என்பதைக் கேட்டு அறிய முடியும். ஸ்பேஸ்களால் அமைந்த பட்டியலிலோ பெயர், ஊர், எண், தொகை அனைத்தும் ஒரே தொடராக ஒலிக்கும். மின்னணு ஊடக உள்ளடக்கங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

அட்டவணை நேரானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. விவரங்கள் உரியவரின் வரியில்தான் உள்ளனவா என்பதை எண்களைக் கொண்டே சோதிக்க முடியும். ஆதார் எண் 12 இலக்கம் கொண்டது. கைப்பேசி எண் 10 இலக்கம். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ் குறியீடு 11 எழுத்து, எண்களால் ஆனது, அதில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். ஆதார் நெடுவரிசையில் 10 இலக்க எண் தென்பட்டால், அந்த வரியில் விவரம் நகர்ந்துள்ளது என்பது உறுதி.

மொத்த வரிகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மூலத் தாளுடன் ஒத்துப்போக வேண்டும். வேர்டின் ‘லேஅவுட்’ பட்டியில் உள்ள ‘ஃபார்முலா’ வசதி, மேலே உள்ள தொகைகளைக் கூட்டித் தரும். ஆனால், இருவரின் தொகைகள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. எனவே, ஒருவர் மூலத் தாளை வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கும் பழைய முறைக்கு இன்றும் மாற்று இல்லை.

இறுதியாக, கோப்பை அனுப்பும்போது ‘சேவ்’ அமைப்புகளில் எழுத்துருவையும் உடன் இணைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அச்சுக்கு மட்டும் செல்லும் பட்டியலை பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால், தயாரித்தவர் கண்டது போலவே பெறுபவருக்கும் தெரியும். ஆனால், திருத்தத்துக்கு உரிய பட்டியலை பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்பக் கூடாது; அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது நெடுவரிசைகள் மீண்டும் வெறும் எழுத்து வரிகளாகிவிடக்கூடும் என்பது கவனத்தில் கொள்ளத்தக்கது.